பிஸ்கட் டின்னில் ஒன்பது ரத்த அறிக்கைகள்

பினாங்கில் ஒரு வீட்டில் டிங்கிக் காய்ச்சல் என்றால், அக்கம்பக்கத்தில் பப்பாளி மரம் எங்கே நிற்கிறது என்று அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். இலையைக் கசக்கிப் பிழிந்து, நோயாளியின் மூக்கைப் பிடித்துக் குடிக்கவைத்து, மறுநாள் காலையில் “பிளேட்லெட் ஏறிச்சா?” என்று கேட்பார்கள். இந்த ஊரில் பள்ளிக்கூடமே போகாத பாட்டிகூட பிளேட்லெட் கணக்குச் சொல்வார். 150 ஆயிரத்துக்குக் கீழே இறங்கினால் முகம் மாறும். 50க்குக் கீழே போனால் தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொள்வார்கள்.

2018இல் என் தாய்மாமனுக்குக் காய்ச்சல் வந்தபோதும் இப்படித்தான் நடந்தது. பிளேட்லெட் 38 ஆயிரம். டிங்கிச் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. “ஏதோ வைரஸ், தானா ஏறிடும்” என்றார்கள். அத்தை பப்பாளி இலை பிழிந்து கொடுத்தார். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. மாமா எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். ஆனால் பிளேட்லெட் ஏறவில்லை. மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோதும் 61தான்.

டிங்கியில் பிளேட்லெட் சரசரவென்று இறங்கும், காய்ச்சல் தணிந்த சில நாட்களில் அதே வேகத்தில் ஏறிவிடும். ஏறாமல் நின்றால் விஷயம் வேறு. இது எனக்குத் தெரியும். ஜோர்ஜ்டவுனில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடமாக எனக்கு இதுதான் வேலை. ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் அணுக்களை எண்ணுவேன்.

மாமாவை மருத்துவமனையில் சேர்த்தோம். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். முடிவு வருவதற்கு முந்தின நாள், ஓர் இளம் டாக்டர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து மலாயில் கேட்டார். “பாக்சிக், முன்னே என்ன வேலை செய்தீர்கள்?”

அதுவரை மாமாவிடம் யாருமே அதைக் கேட்டதில்லை. கிளினிக்கில் கேட்கவில்லை, வார்டில் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. எங்கள் கூடத்துப் படிவத்தில் பெயர், அடையாள அட்டை எண், வயது, ஆணா பெண்ணா, இனம் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. வேலைக்குக் கட்டம் கிடையாது.

மாமா அச்சக வேலைக்காரர். பதினேழு வயதில் உள்ளே போனவர், ஐம்பத்தெட்டு வயதில்தான் வெளியே வந்தார். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பழைய கடைவீட்டின் கீழ்த்தளம். முன்னால் கல்லாவும் மாதிரி அட்டைகளும், பின்னால் இரண்டு ஆப்செட் இயந்திரங்கள், ஒரே ஒரு காற்றாடி. காகிதம் பறக்கும் என்று அந்தக் காற்றாடியையும் பாதி நேரம் நிறுத்தி வைப்பார்கள். கல்யாணப் பத்திரிகை, கோயில் ரசீதுப் புத்தகம், கருமாதி அட்டை, நாள்காட்டி எல்லாம் அங்கே அடித்தார்கள். தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் இயந்திரம் ஓடும். நிறம் மாற்றும்போதெல்லாம் ரோலரையும் ரப்பர் பிளாங்கெட்டையும் துடைக்க வேண்டும். ஒரு தகரக் குவளையில் பெட்ரோலோ தின்னரோ இருக்கும். கந்தைத்துணியை அதில் முக்கி, வெறுங்கையால் துடைப்பார்கள். வேலை முடிந்ததும் அதே பெட்ரோலில் முழங்கை வரை கழுவி, பிறகு சோப்பு போடுவார்கள். சின்ன வயதில் மாமாவின் சட்டையில் ஒட்டி வந்த அந்த வாசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இனிப்பும் காரமும் கலந்த மாதிரி இருக்கும். மாமா வந்துவிட்டார் என்பதை அந்த வாசனையை வைத்தே சொல்லிவிடுவேன்.

அந்த வாசனைக்குள் இருந்த பொருள்களில் ஒன்றுதான் பென்சீன்.

1825இல் மைக்கேல் பாரடே விளக்கு எரிக்கும் வாயுவின் கசடிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். நிறமில்லாத, சீக்கிரம் ஆவியாகிற, எண்ணெயையும் ரப்பரையும் மையையும் கரைக்கிற திரவம். தொழிற்சாலைக்காரர்களுக்கு வரம் மாதிரி. கச்சா எண்ணெயிலேயே இருப்பதால் பெட்ரோலிலும் கொஞ்சம் இருக்கும். அது ரத்தத்தை என்ன செய்யும் என்பது 1897லேயே தெரிந்துவிட்டது. சுவீடனில் உப்சாலா நகரத்துச் சைக்கிள் டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம்பெண்கள் ரத்தம் வற்றி, ஈறிலும் தோலிலும் ரத்தம் கசிந்து இறந்ததை சான்டசன் என்ற மருத்துவர் எழுதி வைத்தார். அவர்கள் ரப்பரைக் கரைக்கப் பயன்படுத்தியது பென்சீன்.

மாமாவின் நோய் தெரிந்த பிறகு நான் தேடித் தேடிப் படித்தவற்றில், மனசை விட்டுப் போகாதது 1939ஆம் வருடத்து நியூயார்க் அறிக்கை. ரோட்டோகிராவ்யூர் அச்சகங்களில் மையைக் கரைக்க பென்சீன் ஊற்றிக்கொண்டிருந்த காலம். 332 தொழிலாளர்களின் ரத்தத்தைப் பார்த்ததில் 130 பேரிடம் ஏதோ ஓர் அளவில் பென்சீன் நஞ்சு தெரிந்தது. மாமா பிறப்பதற்கு எத்தனையோ வருடம் முன்னால், அவர் செய்த அதே தொழிலில்!

பென்சீன் நேராக ரத்தத்தைக் கொல்வதில்லை. மூச்சோடு போவதில் ஏறக்குறைய பாதி உடம்பில் தங்குகிறது. கையை நனைத்தால் தோல் வழியாகவும் கொஞ்சம் போகிறது. கல்லீரல் அதைக் கழித்துக்கட்டப் பார்க்கிறது, நீரில் கரையக்கூடிய பொருளாக மாற்றுகிறது. அப்படி மாறும்போது பிறக்கிறவைதான் ஹைட்ரோகுவினோன் போன்ற பொருள்கள். அவை ரத்தம் பிறக்கிற இடமான எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேர்கின்றன. கிருமியைக் கொல்வதற்காக வெள்ளணுக்கள் தங்களுக்குள் ஒரு நொதியை வைத்திருக்கின்றன. அந்த நொதியே ஹைட்ரோகுவினோனை இன்னும் கொடியதாக, பென்சோகுவினோனாக மாற்றிவிடுகிறது. எதிரிக்கு வைத்திருந்த கத்தி வீட்டுப் பிள்ளைமேலேயே பாய்ந்த கதை. மஜ்ஜையின் தாயணுக்கள் அடிபடுகின்றன. சில செத்துப்போகும். அப்போது ரத்தம் குறைகிறது. சில சாகாமல், மரபணு சிதைந்து, தப்பும் தவறுமாகப் பெருகும். அது பல வருடம் கழித்துப் புற்றாகிறது.

“அவரோட வேலை செஞ்சவரு எழுபத்தஞ்சு வயசிலயும் சைக்கிள் ஓட்டிக்கிட்டு இருக்காரே?” என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் குவினோனை அடக்கிவைக்கிற இன்னொரு நொதி நம் உடம்பில் இருக்கிறது. சிலருக்கு அது பிறவியிலேயே வேலை செய்யாது. ஒரே அறையில் ஒரே காற்றைச் சுவாசித்த இரண்டு பேரில் ஒருவர் மட்டும் விழுவதற்கு இது ஒரு காரணம். யார் அந்த ஒருவர் என்று இயந்திரத்தின் முன்னால் நிற்கும்போது யாருக்கும் தெரியாது.

மாமாவுக்கு வந்தது மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம். மஜ்ஜை அணுக்களைச் செய்கிறது, ஆனால் அரைகுறையாகச் செய்கிறது. சிலருக்கு இது ரத்தப் புற்றுநோயாக முற்றும். பென்சீனோடு சேர்த்துப் பேசப்படுகிற நோய்களில் இதுவும் ஒன்று. தனி ஒருவரின் நோயை எடுத்து “இதனால்தான்” என்று யாராலும் முத்திரை குத்த முடியாது என்று அந்த டாக்டர் சொன்னார். நாற்பது வருட பெட்ரோல் குவளையை ஒதுக்கிவைத்துவிட்டு இதைப் பார்க்கவும் முடியாது என்றார்.

இனி டின் கதைக்கு வருகிறேன்.

மாமாவுக்கு இனிப்பு நீர் இருந்தது. அதனால் வருடத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுத்துச் சோதிப்பார். காகிதத்தின் மதிப்பு தெரிந்த மனிதர். ஓர் அறிக்கையைக்கூடத் தூக்கிப் போடவில்லை. சதுர பிஸ்கட் டின் ஒன்றில் தண்ணீர்க் கட்டண ரசீதுகளோடு அவையும் இருந்தன. 2009 முதல் 2017 வரை ஒன்பது அறிக்கைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுத் தரையில் உட்கார்ந்து அவற்றை வருட வரிசையில் பரப்பினேன்.

2009இல் பிளேட்லெட் 268. பிறகு 241. பிறகு 205. 178. கடைசியாக 2017இல் 156. வெள்ளணுக்கள் 7.9இல் தொடங்கி 4.3க்கு வந்திருந்தன. அவற்றில் லிம்போசைட் மட்டும் பாதிக்கும் கீழே. சிவப்பணுவின் அளவு மெல்ல மெல்லப் பெருத்துக்கொண்டே போயிருந்தது. ஒன்பது தாளிலும் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில்கூட ‘குறைவு’ என்ற குறி இல்லை. பிளேட்லெட்டுக்கு 150 வரை இயல்பு, வெள்ளணுவுக்கு 4 வரை இயல்பு. எல்லா எண்ணும் கோட்டுக்கு மேலே. ஒவ்வொரு வருடமும் டாக்டர் தாளைப் பார்த்து, சர்க்கரையைப் பற்றி மட்டும் பேசி, “மற்றதெல்லாம் ஓகே” என்றிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்தது ஒரு தாள். ஒரு தாளை வைத்துப் பார்த்தால் அது ஓகேதான்.

அந்த இயல்பளவு என்பது ஊரின் கணக்கு. ஆயிரக்கணக்கான ஆட்களை வரிசையில் நிறுத்தி, இரண்டு ஓரத்தையும் வெட்டிவிட்டு, நடுவில் நிற்பவர்களுக்குப் போட்ட வேலி. ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கணக்கு இருக்கிறது. ஆரோக்கியமாக இருக்கும் ஒருவரின் பிளேட்லெட் வருடா வருடம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் தன் சொந்த எண்ணைச் சுற்றியேதான் நிற்கும். 268 என்று வாழ்ந்த ஒருவர் ஏறவே ஏறாமல் 156க்கு வந்தால், அவர் தன் பிளேட்லெட்டில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இழந்திருக்கிறார். ஆனால் வேலிக்கு உள்ளேதான் நிற்கிறார். எங்கள் கணினிக்கு இது தெரியாது. அது ஒவ்வொரு வருடமும் மாமாவைப் புது ஆளாகவே பார்த்தது. அந்த ஒன்பது தாளில் மூன்று எங்கள் கூடத்திலிருந்து போனவை. ஒன்றில் என் கையெழுத்தே இருந்தது.

பென்சீன் இப்படித்தான் வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. சீனாவின் தியான்ஜின் நகரத்தில் காலணித் தொழிலாளர்கள் 250 பேரையும், பென்சீன் பக்கமே போகாத 140 பேரையும் ஒப்பிட்டு, 2004இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பென்சீன் இருந்த இடத்தில் வேலை செய்தவர்களுக்குக்கூட வெள்ளணுவும் பிளேட்லெட்டும் குறைந்திருந்தன. பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது அமெரிக்கா 1987 முதல் சட்டப்படி அனுமதிக்கிற அளவு. மலேசியாவில் அதிலும் பாதி, 0.5. மூக்கை நம்பி இருக்கவும் முடியாது. பென்சீன் வாசனை நமக்குத் தெரிகிற நேரத்தில் காற்றில் அது இந்த அளவை எப்போதோ தாண்டியிருக்கும். வாசனை வந்தால் விலகிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் தாமதமாகத்தான் விலகுவார்கள்.

துருக்கி டாக்டர் முசாஃபர் அக்சோயைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இஸ்தான்புல்லில் ரத்தநோய் மருத்துவராக இருந்தவர். தன்னிடம் வரும் நோயாளிகளில் செருப்புத் தைக்கிறவர்கள் ஏன் இத்தனை பேர் என்று கவனித்தார். கேட்டு விசாரித்து, அவர்களின் பட்டறைகளுக்கே போனார். சின்னச் சின்ன அறைகள், ஜன்னல் கிடையாது, பசையில் பென்சீன். 28,500 செருப்புத் தொழிலாளர்களில் 26 பேருக்கு ரத்தப் புற்றுநோயோ அதன் முந்திய நிலையோ இருந்தது என்று 1974இல் வெளியிட்டார். பென்சீன் கலந்த பசை அங்கே ஒழிக்கப்பட்ட பிறகு நோயாளிகளின் எண்ணிக்கையும் குறைந்தது. புதுக் கருவி எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. அந்த இளம் டாக்டர் மாமாவிடம் கேட்ட கேள்வியைத்தான் அவரும் கேட்டார்.

பினாங்கில் உட்கார்ந்துகொண்டு தொழிற்சாலை ரசாயனத்தைப் பற்றிப் பேசினால், பேச்சு பாயான் லெப்பாஸ் போகாமல் இருக்காது. துறைமுக வரிச்சலுகை போய், வேலையில்லாமல் ஊர் திண்டாடிய நேரத்தில், லிம் சொங் இயூ முதலமைச்சராக இருந்தபோது, 1972இல் அங்கே சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. அமெரிக்க, ஜப்பானிய, ஜெர்மன் கம்பெனிகள் வந்தன. கெடாவிலிருந்தும் செபராங் பிறைத் தோட்டங்களிலிருந்தும் பெண்பிள்ளைகள் பேக்டரி பஸ் ஏறினார்கள். பால்மரக் கத்தியைப் பிடித்த அம்மாவின் மகள் நுண்ணோக்கியின் கீழே தங்கக் கம்பி ஒட்டினாள். என் அம்மாவின் தங்கைகள் இரண்டு பேர் அந்தப் பஸ்ஸில் போனவர்கள்தான். அந்தச் சம்பளம்தான் எங்கள் குடும்பத்தில் மூன்று பேரைப் படிக்க வைத்தது. அதை மறந்துவிட்டு நான் எதையும் எழுதவில்லை.

ஆனால் சில்லு செய்கிற இடம் கண்ணுக்குச் சுத்தமாக இருந்தாலும், அங்கே ரசாயனம் இல்லாமல் வேலை நடக்காது. தென்கொரியாவில் சாம்சங்கின் கிஹுங் தொழிற்சாலையில் 2003இல் வேலைக்குச் சேர்ந்த ஹ்வாங் யூ-மி என்ற பெண், 2007இல் தன் 22ஆவது வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அவரோடு அதே இடத்தில் வேலை பார்த்த இன்னொரு பெண்ணும் அதே நோயில் இறந்தார். டாக்சி ஓட்டுநரான ஹ்வாங்கின் அப்பா விடவில்லை. பதினோரு வருடம் போராடினார். தொழில்நோய் என்று 2011இல் நீதிமன்றம் ஏற்றது. 2018 நவம்பரில் நிறுவனம் பொதுவில் மன்னிப்புக் கேட்டு, நோயுற்றவர்களுக்கு இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. சபை நாகரிகத்துக்காகச் சொன்ன மன்னிப்பாக அதை நான் பார்க்கவில்லை. அந்த அப்பா சம்பாதித்த மன்னிப்பு அது.

நம் நாட்டுச் சட்டத்தைச் சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். காகிதத்தில் அது நல்ல சட்டம். 1994ஆம் வருடத்துத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும், அதன் கீழ் 2000இல் வந்த ரசாயன விதிமுறைகளும் கூடி, முதலாளி தன் கடையில் என்னென்ன ரசாயனம் இருக்கிறது, அது யாருக்கு என்ன செய்யும் என்று மதிப்பிட வேண்டும் என்கின்றன. மருத்துவக் கண்காணிப்பு தேவைப்படுகிற ரசாயனங்களின் பட்டியலில் பென்சீனின் பெயர் இருக்கிறது. அதனால் பாதிக்கப்படக்கூடிய வேலையில் இருப்பவர்களைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது தொழில்சுகாதார மருத்துவர் பார்க்க வேண்டும். ரத்தம் சரியில்லை என்றால் அந்த வேலையிலிருந்து மாற்றிவிட வேண்டும். பதிவேட்டை 30 வருடம் வைத்திருக்க வேண்டும். புற்று எத்தனை வருடம் கழித்து வரும் என்று தெரிந்துதான் அந்த முப்பதைப் போட்டிருக்கிறார்கள். 2024 ஜூன் முதல் இந்தச் சட்டம் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்திருக்கிறது. பென்சீனால் வரும் நோய், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது.

மாமாவுக்கு இதில் எதுவும் கைகொடுக்கவில்லை. முதலாளி இறந்துவிட்டார், அச்சகம் மூடப்பட்டுவிட்டது, அந்தக் கடைவீட்டில் இப்போது சுற்றுலாப் பயணிகள் தங்குகிறார்கள். காற்றை யாரும் அளந்ததில்லை. மதிப்பீட்டு அறிக்கை என்ற ஒன்று அங்கே இருந்ததே இல்லை. பதிவேடு கேட்டு நாங்கள் யாரிடம் போவது? சொக்சோ சந்தா எத்தனை வருடம் கட்டினார்கள் என்பதற்கே சான்று கிடைக்கவில்லை. நாற்பது வருட வேலைக்கு மிஞ்சிய ஒரே ஆவணம் அந்தப் பிஸ்கட் டின்தான். அதுவும் அவருக்கு இனிப்பு நீர் இருந்ததால் கிடைத்தது.

மூன்று வருடம் ரத்தம் ஏற்றிக்கொண்டே இருந்தார். 2021இல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சிலவற்றைக் கேட்கத் தொடங்கினேன். மோட்டார் கடைத் தம்பிகள் இன்றைக்கும் பெட்ரோலில்தான் கை கழுவுகிறார்கள். ஒருவனிடம் சொன்னேன், “சமையல் எண்ணெய் கொஞ்சம் தேய்ச்சு, அப்புறம் சோப்பு போடு தம்பி. கிரீஸ் போயிடும்.” சிரித்தான், ஆனால் அடுத்த முறை போனபோது ஒரு சின்ன எண்ணெய்ப் பாட்டில் இருந்தது. பெயின்ட் அடிக்கிறவர்கள் துணி முகக்கவசம் போட்டுக்கொண்டு பாதுகாப்பாக இருப்பதாக நினைக்கிறார்கள். அது தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவிக்கு கரி வடிகட்டி உள்ள கவசம் வேண்டும். பருத்திக் கையுறை இன்னும் மோசம். ரசாயனத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்து வைத்திருக்கும். நீல நிற நைட்ரைல் கையுறையையும் பென்சீன் சீக்கிரமே ஊடுருவிவிடும்.

கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம். நீங்கள் தொடுகிற ஒவ்வொரு ரசாயன டின்னுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் ஒன்று இருக்க வேண்டும். அது மலாயிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். கேட்டு வாங்கிப் பாருங்கள். வாயில் நுழையாத பெயர்களைப் படித்துத் திணற வேண்டாம். 71-43-2 என்ற எண் எங்காவது இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். உலகம் முழுக்கப் பென்சீனுக்கு அந்த எண்தான். இருந்தால், வருடாந்தர ரத்தப் பரிசோதனை உங்களுக்கு உண்டா என்று கேளுங்கள். பரிசோதனை செய்தால் முடிவின் நகலைக் கேளுங்கள். “எல்லாம் நார்மல்” என்ற வாய்ச்சொல் போதாது, எண் வேண்டும். வேலை மாறினாலும் அந்தத் தாள்கள் உங்களோடு வரட்டும். வேலையைத் தொடங்குவதற்கு முன்பு எடுத்த ரத்த அறிக்கை ஒன்று கையில் இருந்தால் அதைவிட மதிப்புள்ளது வேறில்லை. அதுதான் உங்கள் சொந்தக் கணக்கின் முதல் வரி.

எண்ணிக்கை குறைந்தாலே பென்சீன் என்று பயந்துவிடாதீர்கள். இரும்புச் சத்துக் குறைவு, தலசீமியா, டிங்கி, மாத்திரைகள், கல்லீரல் கோளாறு என்று நூறு காரணம் இருக்கும், பெரும்பாலும் அவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். டாக்டரிடம் போகும்போது பழைய தாளையும் எடுத்துப்போங்கள், அவர் கேட்காவிட்டாலும் உங்கள் வேலை என்னவென்று சொல்லுங்கள். அவ்வளவுதான் நான் சொல்வது.

எங்கள் கூடத்தில் பொறுப்பாளரிடம் பேசிப் பேசி, படிவத்தில் வேலைக்கு ஒரு கட்டம் சேர்க்கவைத்தேன். ஒன்றரை வருடம் ஆனது. பாதிப் பேர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். ரத்தம் எடுக்கிற பெண்ணிடம் சொல்லி வைத்திருக்கிறேன், கையைக் கட்டும்போதே கேட்டுவிடச் சொல்லி.

போன மாதம் எங்கள் புளோக்கில் குடியிருக்கிற அக்கா ஒருவர் வந்தார். பாயான் லெப்பாஸில் பதினான்கு வருடமாகச் சுத்திகரிப்புப் பகுதியில் வேலை. பிளாஸ்டிக் பையில் நான்கு தாள்களைக் கொண்டுவந்திருந்தார், ஒன்றில் கறிக்குழம்புக் கறை. “இதப் பாத்துச் சொல்லும்மா, கம்பெனி டாக்டரு ஒண்ணுமில்லன்னாரு.” மேசையில் வரிசையாக வைத்துப் படித்தோம். 231, 244, 226, 238. வெள்ளணுவும் அப்படியே ஏறியும் இறங்கியும் தன் இடத்திலேயே நின்றது. ஒண்ணுமில்லைதான் என்றேன். ஒரு வரித் தாளில் நான்கு வருடத்தையும் நான்கு எண்ணையும் எழுதி, கீழே ஐந்தாவது வருடத்தைப் போட்டு, எண்ணுக்கு இடம் விட்டுக் கொடுத்தேன். மடித்துத் தன் அடையாள அட்டையின் பின்னால் வைத்துக்கொண்டார்.